நாள் சொல்லாத சம்மதம்

ரங்கூன் பஹான் பக்கத்துத் தியான மடம் ஒன்றில் டோ ஓன் யின் என்ற அம்மாள் பதினேழு வருஷம் வெள்ளைக்காரர்களுக்காக "நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் வயிற்றைக் கவனித்தேன், எழும்பியது, தாழ்ந்தது." "எனக்கு இடது முழங்கால் தீயாக எரிகிறது." "நான் என் அண்ணனைக் கொல்ல நினைத்தேன்." இத்தனையும் அவள் வாயிலிருந்து பர்மிய மொழியில் வந்தவை. அவளுக்கு அண்ணனே கிடையாது. எதிரே மேடையில் உட்கார்ந்திருக்கும் சாமி பதில் சொல்வார். அதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்வாள். வந்தவர் மூன்று தரம் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார். அடுத்தவர் வருவார், அவள் மறுபடியும் "நான்" என்று ஆரம்பிப்பாள்.

இன்றைக்கு அமெரிக்காவில் ஆபீஸ்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் மூச்சைக் கவனிக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்களாம். எப்படிப் போனது இது கடல் தாண்டி என்று கேட்டால் பெரிய சாமிகளின் பேரைச் சொல்வார்கள். சொல்லட்டும், அது அவர்களுக்கு உரியதுதான். ஆனால் அந்தச் சாமிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, வந்தவர்களுக்குப் பர்மியம் தெரியாது. நடுவில் பாயில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

ஓன் யின் அதே ஊரில் கெம்மண்டைன் பேட்டைக்காரி. ஆற்றை ஒட்டிய தெருவில் மரவீடு. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே இங்கிலீஷ் டீச்சரானவள். இருபத்தைந்து வயதில், மர இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த கோ லூன் பேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். குழந்தை பிறக்கவில்லை. லூன் பே நல்லவன்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். மொஹிங்கா என்கிற மீன்குழம்பில் உப்பு குறைந்தால் கிண்ணம் பறக்கும். பறந்த கிண்ணத்தை அவனே பொறுக்குவான், அவனே தரையைத் துடைப்பான், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது ஊறுகாய்த் தேயிலைப் பொட்டலம் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நிற்பான்.

"தப்புன்னு ஒரு வார்த்தை வாயால சொன்னா முத்து உதிர்ந்திடுமா?" என்பாள் அவள்.

அவன் சொன்னதில்லை. மனசில் இருப்பதை வாய்வழியாகக் கொண்டுவரும் வழி அவனுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கும் அந்த விஷயத்தில் பெரிய சாமர்த்தியம் இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், வீட்டில் மனம் நிறைந்துபோனால் எழுந்து போய் விளக்குக் கண்ணாடியைத் துடைப்பாள்.

ஒரு நாள் கிண்ணம் சுவருக்குப் போகாமல் அவள் புருவத்துக்கு வந்துவிட்டது. மூன்று தையல். லூன் பே பயந்துபோனான். பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் பஹான் மடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே சொல்லிக்கொடுப்பது எளிய காரியம்தான்: வயிறு எழும்பினால் எழும்புகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொள், தாழ்ந்தால் தாழ்கிறது என்று குறித்துக்கொள், கோபம் வந்தால் கோபம், கோபம். திரும்பி வந்தவன் உப்பில்லாத குழம்பைச் சத்தமில்லாமல் சாப்பிட்டான். அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது, சாமியாகப் போக வேண்டும் என்றான்.

மழை விரதம் மூன்று மாசம். குமாஸ்தாக்கள் லீவு எழுதிக் கொடுத்து, தலையை மழித்து, ஒரு விரதத்துக்குச் சாமியாக இருந்துவிட்டு விளக்குத் திருநாளுக்கு வீடு திரும்புவது எங்கள் பக்கம் சாதாரணம். யாரும் இத்தனை நாள் என்று கேட்பதில்லை. தர்மகாரியத்துக்கு நாள் குறித்துச் சொல்வது, அன்னதானம் போடும்போது இரண்டு அகப்பைக்கு மேல் கிடையாது என்று அறிவிப்பது மாதிரி. அப்படிச் சொன்ன பெண்பிள்ளையை எங்கள் தெருக்களில் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

துறவு கொடுக்கும் மண்டபத்தில் அன்று இரண்டு குடும்பத்துச் சொந்தமும் நிறைந்திருந்தது. லூன் பே மொட்டைத் தலையோடு மடியில் துவராடையை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். பெரிய சயாடோ, அதாவது மடத்தின் தலைமைச் சாமி, ஓன் யின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, உன் புருஷனைத் தர்மத்துக்குக் கொடுக்க உனக்குச் சம்மதமா?"

"விரதம் முடியுற வரைக்கும்" என்ற வார்த்தை அவள் நாக்கில் வந்து நின்றது. லூன் பே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் பார்த்தாள். அத்தைமார் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பார்த்தார்கள்.

"சம்மதம், சாமி" என்றாள்.

"சாது! சாது! சாது!" என்று மண்டபம் முழுவதும் முழங்கியது. அன்று காலை வரை அவன், அதற்குப் பிறகு அவர். அவள் மூன்று தரம் நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். லூன் பே என்கிற பேர் போய், ஊ வண்ணிதா என்கிற பேர் வந்தது.

விளக்குத் திருநாள் வந்தது. ஓன் யின் அவருடைய கட்டம்போட்ட லுங்கியைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து வைத்தாள். தெரு முழுக்க மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷமும் தேய்த்து வைத்தாள். மூன்றாம் வருஷம் மர இலாகா அவர் பேரை அடித்துவிட்டது.

போய்க் கூப்பிடலாமே என்பீர்கள். சாமியாக இருக்கிறவரைத் துவராடையைக் கழற்றிவிட்டு வா என்று கூப்பிட்டால் எத்தனை ஜன்மத்துப் பாவம் என்று எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். அவள் மாசம் ஒரு தரம் சோறு கொண்டுபோய்ப் பிச்சைப் பாத்திரத்தில் வைப்பாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லா இருங்க, உபயக்காரம்மா" என்பார். தெருவில் எல்லோரும் அவளைப் புண்ணியவதி என்றார்கள். புண்ணியவதி வீட்டுக்குத் திரும்பி, தனியாக ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டாள், தனியாக அதைக் கழுவினாள்.

பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கன்னியாஸ்திரிகள் கப்பல் ஏறினார்கள். இங்கிலீஷுக்கு மவுசு போனது, டீச்சருக்கும் போனது. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டார் சிலர் பஹான் மடத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு விசா ஏழே நாள். விமானத்திலிருந்து நேராக மடத்துக்கு வந்து ஆறு நாள் அசையாமல் உட்கார்ந்து, ஏழாம் நாள் பாங்காக் போய், புது விசா குத்திக்கொண்டு மறுபடியும் வருவார்கள். என்ன பசியோ! பெரிய சயாடோவுக்கு அவர்கள் சொல்வது புரியவில்லை. "அந்த இங்கிலீஷ் டீச்சரைக் கூப்பிடுங்க" என்று ஆள் அனுப்பினார்.

ஓன் யின் ஓடிப் போனாள். தர்மத்துக்காகப் போனாள் என்று மடத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவள் போனது ஊ வண்ணிதா அங்கே இருக்கிறார் என்பதற்காக. எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

அவள் அங்கே போன இரண்டாம் வருஷம், வெளிநாட்டு யோகிகள் தங்கள் தியானத்தில் கண்டதைச் சொல்லும் அறிக்கையைக் கேட்கும் பொறுப்பை ஊ வண்ணிதாவிடமே பெரிய சயாடோ கொடுத்துவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை எட்டு மணிக்கு, புருஷன் மேடையிலும் பெண்டாட்டி பாயிலும். துணைக்கு ஒரு வயதான கன்னிச்சாமியார், மடத்துத் துறவுப் பெண், மூலையில் உட்கார்ந்திருப்பார். ஏழு வருஷம் அப்படி உட்கார்ந்தார்கள். அவள் ஆயிரம் தரம் அவரிடம் "நான்" என்று சொன்னாள். ஒன்றுகூட அவளில்லை.

ஒரு காலை, ஒரு டச்சுக்காரன் தன் அறிக்கையைச் சொன்னான். அவனுக்கு வீட்டு ஞாபகமாகவே வருகிறதாம். இங்கே வருவதில் அவன் மனைவிக்கு இஷ்டமில்லையாம், எப்போது திரும்புவான் என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். ஓன் யின் பாதியை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தாள். பிறகு அவள் வாய் தானாகப் போனது.

"வீட்டுல இருக்கறவ வருஷா வருஷம் விளக்குத் திருநாளுக்கு லுங்கியத் தேய்ச்சு மடிச்சு வெச்சிக்கிட்டு, எப்ப வருவீங்கன்னு கேக்கறா, சாமி. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்ட வத்திப் போச்சு."

கன்னிச்சாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஊ வண்ணிதா விசிறியை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். டச்சுக்காரன் பக்தியோடு காத்திருந்தான்.

"கேக்கறது மனசு" என்றார் அவர் கடைசியில். "கேக்குது, கேக்குதுன்னு குறிச்சுக்கச் சொல்லுங்க. பதில் வருமான்னு அது பின்னாடி போக வேண்டாம்."

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். டச்சுக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தை தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று ஊருக்குப் போய்க் கடிதம் எழுதினான். அங்கே ஒரு தியானக் கூட்டமும் ஆரம்பித்தானாம். இப்போதும் அங்கே யாராவது கண்ணை மூடிக்கொண்டு, பதிலின் பின்னால் போகாதே என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

சமையல்கட்டில் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. அங்கே தலைவி டோ ஞோ, மீன்விழுது இடிக்கும் உலக்கையோடு காத்திருந்தாள்.

"வாக்கா, வா. டச்சுக்காரன் எப்பலேருந்து லுங்கி கட்றான்?"

"வாய மூடுடீ."

"நான் மூடறேன். நீ இன்னிக்குத்தான் தொறந்திருக்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி தொறந்திருக்கலாம்."

"அவரு திரும்பி வரணும்னு இப்ப எனக்கு ஆசை இல்ல, ஞோ. இனிமே வந்தா ஊரு அவரக் காறித் துப்பும்." ஓன் யின் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்னை ஒரு தரமாச்சும் நெனைச்சாரான்னு தெரிஞ்சாப் போதும். இருக்கேனா, அவரு மனசுல ஒரு மூலையிலயாச்சும்? இல்ல, குறிச்சுக் குறிச்சு என்னையும் அழிச்சுப்புட்டாரா?"

டோ ஞோ உலக்கையைக் கீழே வைத்தாள். சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

பெரிய சயாடோ கூப்பிட்டுத் திட்டவில்லை. "மொழிபெயர்க்கறவங்க எதையும் விடக் கூடாது, எதையும் சேக்கவும் கூடாது, டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் அதற்குப் பிறகு சேர்க்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பனி விழும் காட்டுக்குள், மூடிக்கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தை வாங்கித் தியான மடம் ஆக்கியிருந்தார்கள். ஊ வண்ணிதா வந்து தங்கிச் சொல்லித்தர வேண்டும், மொழிபெயர்க்கும் அம்மாளும் கூட வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பெரிய சயாடோவுக்குப் படித்துச் சொன்னவளும் அவள்தான். தன்னைப் பற்றி வந்த இடத்தையும் விடாமல் படித்தாள்.

"அது முறையில்ல" என்றார் பெரிய சயாடோ. "ஊருக்குத் தெரிஞ்சு புருஷன் பெண்டாட்டியா இருந்தவங்க. சாமி தனியாப் போகட்டும். நீ அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தாள். மாணவர் மேடையில், டீச்சர் தரையில். அதட்ட முடியாது, குட்ட முடியாது, தப்பாகச் சொன்னால் "மன்னிக்கணும், சாமி" என்று இவள்தான் கும்பிட வேண்டும். ஏழு வருஷமாக அவள் பேசியதைக் கேட்டதில் அவருக்குப் பாதி இங்கிலீஷ் ஏற்கெனவே வந்திருந்தது. அவர் பேசும்போது அவளுக்குத் தன் குரலை ஆம்பிளைத் தொண்டையில் கேட்பது போலிருந்தது. அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார், அவள் இழுக்கும் இடத்தில் இழுத்தார்.

மிங்கலடோன் விமான நிலையத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். "உடம்பப் பாத்துக்கங்க, உபயக்காரம்மா" என்றார் அவர். நிமிர்வதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவர் போன அன்று சாயங்காலம் அவள் அறிக்கை அறைக்குப் போய் மேடையைத் துடைத்தாள். துடைக்க ஆள் உண்டு, இருந்தாலும் துடைத்தாள். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டில் அவளோடு பேசுவதற்குச் சுவர்ப்பல்லி மட்டும்தான் இருந்தது. நான் பார்த்த தனிமையெல்லாம் ஏதோ ஒரு சாவுக்குப் பிறகு வந்தது. ஊரே வந்து அழுதுவிட்டுப் போகும். இவளுக்கு அந்த அழுகையும் இல்லை. புருஷன் உயிரோடு இருந்தார், நல்ல பேரோடு இருந்தார், இவளைப் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர் மடத்துக்குக் கடிதம் எழுதினார், அவளுக்கு எழுதவில்லை. சாமி ஒருவர் ஒரு பெண்ணுக்குத் தனியாக எழுதுவது அழகில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் யோகிகள்தான் சேதி. சாமி நலம், சாமிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சாமியின் கூட்டத்தில் இருநூறு பேர். அவள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். மேடையில் இப்போது இளைய சயாடோ உட்கார்ந்திருந்தார், பெரியவர் காலமாகிவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து அந்த அமெரிக்க மடத்திலிருந்து எலினோர் என்கிறவள் வந்தாள். நாற்பது வயதுப் பெண், செம்பட்டை முடி, கைநகமெல்லாம் கடித்துக் கடித்துக் குட்டையானது. மூன்றாம் நாள் அறிக்கையில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வயித்தப் பாக்க முடியல. எழும்பும்போதே அழுகை வந்துடுது" என்றாள். "என் புருஷன் ஒரு குருவத் தேடி இந்தியாவுக்குப் போறேன்னான். நான் போயிட்டு வான்னேன். எப்ப வருவேன்னு கேக்கல. ரெண்டு வருஷமாச்சு. எங்க சாமி வண்ணிதா சொன்ன கதையக் கேட்டுத்தான் நான் அப்படிச் செஞ்சேன்."

ஓன் யின் அதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். இளைய சயாடோ, "என்ன கதை?" என்றார். இவள் அதையும் மொழிபெயர்த்துக் கேட்டாள்.

"ஒவ்வொரு வருஷமும் மழை விரதம் தொடங்குற அன்னிக்கு அந்தக் கதையச் சொல்லுவாரு" என்றாள் எலினோர். "சாமியாகிற அன்னிக்கு அவரோட மனைவிகிட்ட சம்மதமான்னு கேட்டாங்களாம். அவ நாள் சொல்லுவான்னு அவ முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாராம். மூணு மாசம்னு சொல்லியிருந்தா, மூணு மாசம் முடிஞ்ச மறுநாளே வீட்டுக்குப் போயிருப்பேன்னு சொல்லுவாரு. அவ நாளே சொல்லலியாம். முழுசாக் குடுத்துட்டாளாம். அப்புறமும் மூணு வருஷம், அவ மடத்து வாசல்ல சோறு கொண்டுவந்து நிக்கறப்பல்லாம், இன்னிக்காவது கூப்பிடுவாளான்னு காது குடுத்துக்கிட்டே இருந்தாராம். கூப்பிடவே இல்லியாம். கயிறு கட்டாமக் குடுக்கறதுன்னா என்னன்னு அவகிட்டதான் கத்துக்கிட்டேன், அவதான் என் முதல் குருன்னு சொல்லுவாரு. அந்த எடத்துல மட்டும் கொஞ்ச நேரம் பேச மாட்டாரு. கூட்டத்துல எல்லாரும் அழுதுடுவோம். அவ பெரிய மகான்."

ஓன் யினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வருஷா வருஷமாம்! இருநூறு பேர் நடுவிலாம்! அது நெஞ்சில் முழுசாக இறங்குவதற்குள் பின்னாலேயே கோபம் வந்தது. காது கொடுத்துக்கொண்டிருந்தாராம், காது! அவளும்தான் அதே வாசலில் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்திருந்தாள். இவர் உள்ளே, அவள் வெளியே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது ஒருத்தர் வாயிலிருந்து விழுந்திருந்தால்! விழாமல் போனதை எடுத்துப் பாடமாக்கி, ஊர் பேர் தெரியாதவர்களை அழவைத்து, அவளை மகானாக்கி உட்கார்த்தி வைத்திருக்கிறார்.

மொழிபெயர்க்காமல் எலினோரைப் பார்த்து இங்கிலீஷிலேயே பேச ஆரம்பித்தாள்.

"அவ மகான் இல்ல. அவளுக்கு வெக்கம். மண்டபம் நெறைய சொந்தக்காரங்க உக்காந்திருந்தாங்க. மூணு மாசம்னு சொல்லத்தான் வாயெடுத்தா, ஊரு சிரிக்கும்னு முழுங்கிட்டா. அவ ஒண்ணையும் குடுக்கல. அவகிட்டேருந்து எடுத்துக்கிட்டாங்க. நீ அவளப் பாத்துக் கத்துக்கிட்டியா? முட்டாப் பொண்ணே, போய் உன் புருஷனுக்குத் தந்தி அடி. இந்தத் தேதிக்குள்ள வான்னு தேதி போட்டு அடி. வரலேன்னா வரல, தெரிஞ்சாவது போகும்."

எலினோர் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் அவங்களுக்கு என்ன சொல்றீங்க, டீச்சரம்மா?" என்றார் இளைய சயாடோ.

"சயாடோ சொன்ன பதிலச் சொல்றேன், சாமி."

"நான் இன்னும் பதிலே சொல்லலியே."

அவள் தலையைக் குனிந்தாள். அவள் யார் என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும். இளைய சயாடோவுக்கும் தெரியும். அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"அப்ப, நீங்க சொன்னத எனக்கும் சொல்லுங்க."

அவள் எல்லாவற்றையும் பர்மியத்தில் சொன்னாள். எலினோர் சொன்னதையும், தான் சொன்னதையும், ஒன்றும் விடாமல், ஒன்றும் சேர்க்காமல். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். மூலையில் இருந்த கன்னிச்சாமியாரும் அழுதார். எலினோருக்கு மொழி புரியவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தே அந்த மனைவி யார் என்று புரிந்துவிட்டது. பாயோடு நகர்ந்து வந்து ஓன் யினைக் கும்பிடப் போனாள்.

"எழுந்திரு. என்னக் கும்பிடாத. கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் என்ன இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டாங்க."

இளைய சயாடோ ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. அன்றைக்கு மீதி அறிக்கைகளை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார். நல்ல மனுஷர்.

ஏழாம் நாள் பையோடு வாசலில் நின்ற எலினோர், "சாமிகிட்ட உங்க சார்பா என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். ஓன் யின் நான்கு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லலாம்; அதுவும் பொய்யில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் முழுங்கியது தொண்டையில் நின்றது.

"கதையில ஒரு திருத்தம்னு சொல்லு. அந்த மனைவிக்குச் சம்மதம் இல்ல, அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்லன்னு சொல்லு."

எலினோர் போய்விட்டாள். ஓன் யின் ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள். டோ ஞோ இரண்டாம் தரம் சோறு போட்டுவிட்டு, "பாரு, ஒரு வார்த்தை வெளிய வந்ததும் வயித்துல எவ்வளவு எடம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பதில் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் மழை விரதம் தொடங்கி ஒரு மாசம் ஆனதும், அமெரிக்க மடத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் விரதத் தொடக்க நாளன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். ஓன் யின் அவர்களுக்குப் படுக்கை காட்டி, தண்ணீர்ப் பானை காட்டி, கொசுவலை கட்டிக் கொடுத்தாள். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"விரதம் ஆரம்பிக்கிற அன்னிக்கு சாமி ஒரு கதை சொல்லுவாராமே, ஒரு மனைவியப் பத்தி?"

"கதையா?" அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். "முன்னாடி ஏதோ சொல்லுவாருன்னு பழைய ஆளுங்க பேசிக்கிட்டாங்க. இந்த வருஷம் மூச்சப் பத்தித்தான் பேசினாரு. அந்தப் பேச்சையே நிறுத்திட்டாராம்."

"சாமிக்குக் கல்யாணமா ஆகியிருந்துச்சு?" என்றான் அவள் புருஷன். "எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

ஓன் யின் கொசுவலையின் கடைசி முடிச்சைப் போட்டாள். அது சரியாகத்தான் விழுந்திருந்தது, இருந்தாலும் அவிழ்த்து மறுபடியும் போட்டாள். உலகத்தில் அவர் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடம் அது ஒன்றுதான். அவள் திருத்தச் சொல்லி அனுப்பினாள், அவர் கதையையே எடுத்துவிட்டார்.

"காலையில எட்டு மணிக்கு அறிக்கை" என்று அவர்களிடம் சொன்னாள். "பயப்படாதீங்க. நீங்க என்ன சொன்னாலும், அப்படியே சொல்லிடுவேன்."